திரௌபதி கேட்ட தாட்டு

பூரணாங்குப்பம்
22.4.2024

அபிதாவுக்கு சம்மந்தம் எழுதுவது.

கடுதாசியப் பாத்து எதுவும் நெனச்சிக்க வேணாம். நீயா பாத்துக் கலியாணம் கட்டிக்கினதுக்கு, உன் கொரல இந்தக் காதால கேக்க மாட்டேன், உன் காலு என் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு ஊர் கூடின எடத்துல சொன்னவன் நான். எழுத மாட்டேன்னு சொல்லல. அதனால எழுதறேன். போன் பண்ணாத. எடுக்க மாட்டேன்.

உங்கம்மா பங்குனியில மீன் கூடைய எறக்கி வெக்கும்போதே ஒரு பக்கமா சாஞ்சிட்டா. வலது கையும் காலும் வரல. வாயி கோணிக்கிச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருந்து இப்ப வூட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். புடிச்சிக்கினா நடக்கறா. வாயும் கொஞ்சம் நேராயிடுச்சு. பேச்சுதான் வரல. நாம சொல்றது எல்லாம் அவளுக்குப் புரியுது, திருப்பிச் சொல்ல முடியல. மீன்புடி தடைக்காலம் ஆரமிச்சிட்டதால கடலுக்குப் போட்டு போகல. நான் வூட்லதான் கெடக்கறேன், நான்தான் பாத்துக்கறேன்.

வர்றது ஒரே ஒரு வார்த்த. "தாட்டு." நாள் பூரா அதான். தட்டு கேக்கறான்னு நெனச்சு தட்டக் குடுத்தேன். வீசிட்டா. வேற தட்டு குடுத்தேன். அதயும் வீசிட்டா. பக்கத்து வூட்டு உஷாராணிதான் கடசியில சொல்லிச்சு, "மாமா, அது தட்டு இல்ல, டார்ட்டு. அபி செய்யுமே, முட்ட பால் ஊத்தி, சின்னக் கிண்ணம் மாதிரி." நான் கேட்டேன், அபி செய்யறது இவளுக்கு எப்படித் தெரியும்னு. உஷாராணி தலையக் குனிஞ்சிக்கிச்சு. அப்புறம் சொல்லிச்சு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தவளக்குப்பத்துல மீன் வித்து முடிச்சிட்டு நீயும் அவளும் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து துன்னது எல்லாம்.

அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

தவளக்குப்பத்துல இருக்கற பேக்கரி எல்லாத்துலயும் வாங்கியாந்து குடுத்தேன். நாக்குல வெச்சிட்டுத் துப்பிடறா. நாளுக்கு நாள் எளைக்கறா. அதனால அத்த எப்படி செய்யறதுன்னு எழுது. நானே செய்யறேன். செஞ்சி எடுத்துக்கினு வரேன்னு சொல்லாத. வரக் கூடாது. எழுதினா போதும்.

சம்மந்தம்


வில்லியனூர்
26.4.2024

நைனாவுக்கு,

உன் கையெழுத்தப் பாத்ததும் மாமியார்தான் கேட்டாங்க, "யாரு செத்துட்டாங்க, இப்படி ஒக்காந்துட்ட?" யாரும் சாகல, எங்க நைனா டார்ட் எப்படிப் பண்றதுன்னு கேட்டிருக்காருன்னு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. எனக்கும் சிரிக்கறதா அழறதான்னு புரியல.

அம்மா விழுந்தது எனக்குத் தெரியும். ரெண்டு நாள் போன் எடுக்கலன்னதும் உஷாவுக்குப் பண்ணேன். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஒரு தடவ இல்ல, பல தடவ. நீ டீ குடிக்கக் கீழ எறங்கினதும் வார்டு நர்சம்மா கையக் காட்டுவாங்க, நான் உள்ள போவேன். அம்மா என்னை நல்லா பாத்தா. இடது கையால என் தாலிச் செயினத் தொட்டுப் பாத்தா. நீ மாடி ஏறி வர்ற செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும் நைனா, சின்னதுலேர்ந்து தெரியும். அது கேட்டதும் எழுந்து பின் பக்கமா போயிடுவேன். உன்ன ஏமாத்தணும்னு இல்ல. ஆஸ்பத்திரியில நீ கத்தினா அம்மா தாங்க மாட்டான்னுதான்.

நான் வந்து செஞ்சி குடுத்தா அரை மணி நேர வேலை. நீ வேணான்னு எழுதிட்ட. சரி, எழுதறேன்.

இதுக்குன்னு அச்சு, ஓவன் எல்லாம் கேக்காத. பாண்டியில நான் பில்லு போட்ட பேக்கரியில எல்லாம் இருந்துச்சு. இங்க வந்தப்ப ஒண்ணும் இல்ல, இட்லித் தட்டுலதான் ஆரமிச்சேன். நம்ம வூட்டு இட்லித் தட்டே போதும், குழி ஆழமா இருக்கும். மீன் வேக வெக்கிற பெரிய அலுமினிய குண்டான் எடுத்துக்க. அடியில ரெண்டு வெரல் கனத்துக்கு நல்லா அலசிக் காய வெச்ச மணல் போடு. மணலுக்கு உனக்கா பஞ்சம். அது மேல ஒரு ஸ்டாண்டு. மூடி போட்டு சின்னத் தீயில சூடாக்கு. அதான் ஓவன்.

மைதா ஒரு டம்ளர், வெண்ணெய் அரை டம்ளருக்குக் கொஞ்சம் கம்மி, சக்கரை ரெண்டு ஸ்பூன். வெண்ணெய் உருகி இருக்கக் கூடாது. வெரல் நுனியால தேய்ச்சா புட்டு மாவு மாதிரி உதிரணும். அப்புறம் ஐஸ் தண்ணி தெளிச்சி உருட்டி, பெசையாம, கொஞ்ச நேரம் குளிர்ச்சியில வை. இட்லிக் குழியில நெய் தடவி மாவ மெல்லிசா அமுக்கி ஒட்ட வை. உப்பாம இருக்க மேல ஒரு காகிதம் போட்டு ஏதாவது கனமா வெச்சி, குண்டான்ல எறக்கி முதல்ல வெறும் மாவு ஓட்ட வேக வை. ஓரம் செவந்ததும் கனத்த எடுத்துடு. ரெண்டு முட்டை, அரை டம்ளர் பால், சக்கரை, ஒரு ஏலக்காய் அடிச்சி வடிகட்டி உள்ள ஊத்து. திரும்ப மூடி, தீ சின்னதாவே இருக்கட்டும். நடுவுல தொட்டா லேசா ஆடணும், ஒழுகக் கூடாது. அவ்ளோதான்.

நல்லா ஆற வெச்சிக் குடு. சின்னச் சின்னதா பிட்டுக் குடு. அம்மாவுக்குத் தண்ணி மட்டும்தான் புரையேறுதுன்னு உஷா சொல்லிச்சு, இருந்தாலும் நிமித்தி ஒக்கார வெச்சிக் குடு.

அம்மாவுக்கு நான் கடுதாசி போட்டேன்னு சொல்லு.

அபிதா


பூரணாங்குப்பம்
3.5.2024

அபிதாவுக்கு,

உன் பேச்சக் கேட்டு செஞ்சது ஓடு மாதிரி ஆயிடுச்சி. வூட்டுக்கு மேல அடுக்கலாம். உஷாராணி வூட்டு நாயிக்குப் போட்டேன். மோந்து பாத்துட்டு என்னப் பாத்துச்சி.

நீ எழுதினபடிதான் எல்லாம் செஞ்சேன். வெண்ண மட்டும் வெயிலுக்கு உருகிப் போச்சு. பரவால்லன்னு ஊத்திப் பெசஞ்சேன். ஐஸ் தண்ணின்னு எழுதியிருந்த. கடக்கரையில மீன் பொட்டியில ஐஸ் இருந்துச்சு, அத்தக் கொண்டாந்து கரச்சி ஊத்தினேன். கனமா வெக்கச் சொன்ன. பழைய வலையில ஈயக் குண்டு கெடந்துச்சு, அவுத்துக் கழுவி வெச்சேன். கச்சிதமா ஒக்காந்துச்சி. ஆனா வெந்ததும் ஒரு கவிச்சி. முட்டய ஊத்தினா ஓட்டையில எறங்கி மணல்ல வழிஞ்சிடுச்சி. மணலு ஆம்லெட் ஆயிடுச்சி.

உங்கம்மா ஒக்காந்து எல்லாத்தயும் பாத்துக்கினு இருந்தா. நான் மாவுல கை வெச்ச எடம் எல்லாம் தப்புன்னு அவளுக்குத் தெரியுது. வாயத் தொறந்து சொல்ல முடியல. இடது கையால தரையத் தட்டறா. நான் இதான்னு நெனச்சு வேற ஒண்ணு செய்வேன், அதுக்கும் தட்டறா. கடசியில ரெண்டு பேருக்கும் கோவம் வந்து அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் திரும்பி ஒக்காந்துட்டோம். கலியாணம் ஆன புதுசுல இப்படி ஒக்காந்தது. அதுக்கப்புறம் இப்பதான்.

ஆஸ்பத்திரியில நீ வந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் டீ குடிச்சிட்டு சீக்கிரம் ஏறி வந்தேன். நீ கட்டில்ல ஒக்காந்து அவளுக்குத் தல வாரிக்கினு இருந்த. நான் திரும்ப எறங்கிப் போயி இன்னொரு டீ குடிச்சேன். அதுக்கப்புறம் ஏறும்போதெல்லாம் செருப்பத் தேச்சிக்கினு ஏறினேன்.

ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கெழமயில அவ லேட்டாதான் வருவா. யாவாரம் இழுத்துக்கிச்சின்னு சொல்லுவா. நான் சோறு போட்டுக்காம ஒக்காந்திருப்பேன். அவ வந்தா பசிக்கலன்னு சொல்லுவா. நானும் உடம்பு சரியில்லயோன்னு கவலப்பட்டுக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் ஒக்காந்து அவ்ளோ நேரம் இன்னாதான் பேசுனீங்க?

தப்பு எங்கன்னு எழுது.

திரௌபதி புருஷன்
சம்மந்தம்


வில்லியனூர்
7.5.2024

நைனா,

ஈயக் குண்டு எல்லாம் அடுப்புல வெக்காத. அது வெஷம். நல்லவேள அந்த நாயி உன்ன விட புத்திசாலி. அந்த இட்லித் தட்ட நல்லா தேச்சிக் கழுவு, இல்ல தூக்கிப் போட்டுடு. கனத்துக்குக் கொண்டக்கடலை போதும். வெந்ததும் எடுத்து டப்பாவுல போட்டு வெச்சா அடுத்த தடவைக்கும் ஆகும். மீன் ஐஸும் வேணாம். உஷா வூட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு டம்ளர் தண்ணி வெச்சி எடுத்துக்க. வெண்ணெயும் அங்கயே இருக்கட்டும், விடியக்காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மாவு போடு. பெசையாத நைனா. சப்பாத்திக்கு அமுக்கற மாதிரி அமுக்கினா ஓடுதான் வரும். சும்மா சேத்துப் புடி. உனக்கு வலைய உதறி மடிக்கத் தெரியும் இல்ல, அந்த அளவுக்குக் கை பட்டா போதும்.

வெண்ணெய் உப்பு இல்லாததா வாங்கு. அம்மாவுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல. தவளக்குப்பத்துல கெடைக்கலன்னா எங்க மளிகைக் கடையிலயே வெச்சிருக்கோம். யார்கிட்டயாவது குடுத்து அனுப்பட்டுமா?

நானும் மொதல்ல உன்ன மாதிரிதான். இந்த வூட்டுக்கு வந்த புதுசுல மாமியார் என்கிட்ட பேசல. ரசியாம்மா கெட்டவங்க இல்ல. அவங்க பாத்து வெச்சிருந்த பொண்ணு வேற, வந்து நின்னது நான். நாள் பூரா ரெண்டு பேரும் ஒரே சமையல்கட்டுல, பேச்சு கெடையாது. போர் அடிச்சிதான் டார்ட் போட ஆரமிச்சேன். இட்லிக் குழி பத்தலன்னு அவங்க எவர்சில்வர் டம்ளரக் கவுத்து வெச்சி அது மேல மாவப் போத்தி வேக வெச்சேன். டம்ளர் கருத்துப் போச்சு. அது அவங்க சீதனமாம். அன்னிக்குதான் மொத மொதல்ல என்னைத் திட்டினாங்க. திட்டிக்கினே ஒண்ண எடுத்து வாயில போட்டாங்க. அப்புறம் நிக்காம திட்டறாங்க, நிக்காம பேசறாங்க.

ஞாயித்துக்கெழம என்ன பேசினோம்னு கேட்டிருக்க. என்ன பேசுவோம். பாதி நேரம் உன்னப் பத்திதான். நைனாவுக்கு முட்டி வலி, எண்ணெய் தேய்க்க விட மாட்டேங்கறாரு. நைனா புதுச் சட்டை எடுத்தாரு, கழுத்து இறுக்கமா இருக்கு, ஆனா ஒத்துக்க மாட்டேங்கறாரு. இந்த மாதிரி. நான் எல்லாத்தயும் கேட்டுக்குவேன். எனக்கு உன் வூட்டு சேதி வர்ற வழி அது ஒண்ணுதான் இருந்துச்சு. டார்ட்ட அம்மா மெல்ல மெல்லத் தின்னுவா, தின்னு முடிச்சா பஸ் ஏறணுமேன்னு.

ஒவ்வொரு தடவயும் உனக்குன்னு ஒண்ணு மடிச்சிக் குடுப்பேன். வாங்கி மடியில வெச்சிக்குவா. உன்கிட்ட எப்படிக் குடுக்கறதுன்னு தெரியாம வர்ற வழியில அவளே தின்னுடுவாளாம். அதான் வூட்டுக்கு வந்தா அவளுக்குப் பசி இருந்திருக்காது.

என்னை வர விடு நைனா. ஒரே ஒரு தடவ. நீ கடக்கரைக்குப் போயிடு, நான் வந்துட்டுப் போயிடறேன்.

அபி


பூரணாங்குப்பம்
16.5.2024

அபிக்கு,

வந்துடுச்சி.

இட்லித் தட்டு சரிப்படல. புதுசு வாங்கியும் மாவு ஓட்ட எடுக்கும்போது பாதி குழியிலயே நின்னுடுது. என் வெரலு தடி, நோண்டினா ஒடையுது. ரெண்டு தடவ அப்படி ஆச்சு. மூணாவது தடவ மாவப் போட்டுட்டு எதுல வெக்கறதுன்னு வெளிய வந்து நின்னேன். வேலி ஓரம் சிப்பி ஓடு கெடந்துச்சு. வலையில மாட்டற பெரிய சிப்பி, விசிறி மாதிரி வரி வரியா இருக்குமே. நல்லதாப் பாத்துப் பொறுக்கி, புளி போட்டுத் தேச்சி, தண்ணியில கொதிக்க வெச்சி, வெயில்ல காய வெச்சேன். அதுக்குள்ள மாவு கெட்டுப் போச்சு. மறுநாள் விடியக்காலையில புதுசா மாவு போட்டு, சிப்பியில நெய் தடவி, ஒட்ட வெச்சி, கொண்டக்கடலயப் போட்டு மணல்லயே பதிய வெச்சிட்டேன். ஸ்டாண்டு கூட வேண்டியதில்ல. சிப்பி மணல்ல ஆடாம நிக்குது. ஆறினதும் கவுத்தேன். தானா கழண்டு கையில வந்துச்சி. அடியில வரியெல்லாம் அப்படியே இருக்கு.

தட்டுல வெச்சி நீட்டினேன். உங்கம்மா அத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தா. வரியத் தடவினா. அப்புறம் சிரிச்சா. வாய் கோணலா இருந்தாலும் சிரிப்புதான் அது. விழுந்ததுலேர்ந்து நான் பாத்த மொத சிரிப்பு. நான் ஒரு வாய் பிட்டுக் குடுத்தேன். துப்பல. முழுசா ஒண்ணு துன்னா. இன்னொண்ண எடுத்து, நீட்டி, என் வாயில வெச்சா. நான் இத்தன நாள் துன்னாததுக்குச் சேத்துன்னு நெனச்சிக்கினேன்.

நல்லாதான் இருக்கு. லேசா உப்பு. வெண்ண சரியில்ல.

அதுக்கப்புறம் நடந்தத எழுதலாமா வேணாமான்னு நெனச்சிக்கினு இருந்தேன். எழுதிடறேன். மீந்ததுல நல்லதா ஒண்ணப் பாத்து எடுத்து, ஓரமா வெச்சி, கிண்ணத்தக் கவுத்து மூடினா. வாசப் பக்கம் கையக் காட்டினா. காக்காவுக்கு வெக்கச் சொல்றான்னு கொண்டு போயி வெச்சிட்டேன். திரும்பி வந்தா அழறா. சத்தமே இல்லாம தண்ணியா ஊத்துது. அடுத்த நாளும் போட்டேன். அன்னிக்கும் ஒண்ண எடுத்து மூடி வெச்சா. வாசலக் காட்டினா. நான் எறும்பு வர்ற வரைக்கும் அத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்.

எனக்குப் புரியாம இல்ல அபி.

ஊர் நடுவுல நின்னு சொல்லிட்டேன். யாரும் என்னச் சொல்லச் சொல்லல. பெரியவங்க எல்லாம் "விடு சம்மந்தம், புள்ளைங்க சமாச்சாரம்"னுதான் சொன்னாங்க. நான்தான் துண்ட ஒதறிக்கினு எழுந்து சொன்னேன். சொன்னவன் நானே போயி எப்படி மாத்தறது. நாளைக்கு வலைப் பங்குல ஒரு தகராறுன்னா என் பேச்சு எங்க நிக்கும். உனக்கு இது அல்பமா இருக்கும். இங்க இருக்கறவனுக்கு வார்த்ததான் இருக்கு.

நான் கடக்கரைக்குப் போறேன், நீ வந்துட்டுப் போன்னு எழுதியிருந்த. அது திருட்டுத்தனம். என் வூட்டுக்கு நீ திருட்டுத்தனமா வர வேணாம்.

வெண்ண அனுப்ப வேணாம். நான் பாத்துக்கறேன்.

நைனா


வில்லியனூர்
21.5.2024

நைனா,

முந்தாநாள் நீ எங்க கடைக்கு வந்திருந்த.

இவரு ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னாரு. என்ன நடந்துச்சுன்னு நானே எழுதறேன், ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்காத.

நீ வந்து நின்னு, "உப்பு போடாத வெண்ண இருக்கா?"ன்னு கேட்டிருக்க. அம்மா போன்ல அனுப்பின உன் போட்டோவ இவரு எத்தனை தடவ பாத்திருக்காரு. பாத்ததும் தெரிஞ்சிடுச்சாம். ஆனா நீ யாரோ மாதிரி நிக்கறப்ப தானும் யாரோ மாதிரியே இருக்கணும்னு தோணிச்சாம். "இருக்குங்க, என்ன செய்யறதுக்கு?"ன்னு கேட்டிருக்காரு. "வூட்ல அவளுக்கு உடம்பு சரியில்ல. ஒரு பலகாரம் செய்யறேன்"னு சொல்லியிருக்க. "இப்ப எப்படி இருக்காங்க?" "நடக்கறா." "பேச்சு?" இவரு அதக் கேட்டிருக்கக் கூடாது, நீ பேச்சப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. வாய் தவறி வந்துடுச்சாம். நீ அவரை நிமிந்து பாத்துட்டு, "வரும்"னு சொன்னியாம்.

டீ வாங்கிக் குடுத்திருக்காரு. குடிச்சிருக்க. நீ கெளம்பினப்ப ஒரு எவர்சில்வர் டப்பா பலகை மேல இருந்துச்சாம். பின்னாடியே ஓடி வந்து, "பெரியவரே, டப்பாவ விட்டுட்டீங்க"ன்னு நீட்டினாராம். நீ திரும்பாமயே, "விடல"ன்னு சொன்னியாம். "அபி மாடியிலதான் இருக்கா, ரெண்டு நிமிஷம் இருங்க"ன்னு சொல்லியிருக்காரு. நீ பஸ் ஏறிட்ட.

நான் மாடியில துணி காயப் போட்டுக்கினு இருந்தேன் நைனா. எட்டிப் பாத்திருந்தா உன் தலை தெரிஞ்சிருக்கும்.

டப்பாவத் தொறந்தேன். சிப்பி வரியோட ஒரு டார்ட். பஸ்ஸுல வந்து ஒரு ஓரம் ஒடஞ்சிருந்துச்சு. நான் வேலை செஞ்ச பேக்கரியில கூட அவ்ளோ அழகா பாத்ததில்ல. பாதிய மாமியாருக்குக் குடுத்தேன். சாப்பிட்டுட்டு, "இது உங்கப்பா கையா?"ன்னு கேட்டுட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க. அவங்க கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல.

அன்னிக்கு நான் தூங்கல. மொதல்ல சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் கோவம் வந்துச்சு. இப்ப கோவம்தான் இருக்கு. எங்கம்மாவுக்குக் கை விழுந்து கெடக்கு. தனக்கு ஒண்ணு சாப்பிட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வெக்கிறா. அவ பக்கத்துல ஒக்காந்து அத்த வாங்கித் தின்ன எனக்கு விதி இல்ல, ஏன்னா நீ ஒரு நாள் கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்ட. வார்த்ததான் இருக்குன்னு எழுதியிருக்க. அம்மாவுக்கு அதுகூட இல்லாம போச்சே நைனா. ஒரே ஒரு வார்த்ததான் அவளுக்கு மிச்சம். அவ அத்த வெச்சிக்கினு என்னக் கூப்பிடறா. நீ உன்கிட்ட இருக்கற அத்தனை வார்த்தையயும் வெச்சிக்கினு என்னை வெளிய நிறுத்தறே.

எனக்குன்னு அவ வெக்கிறத நீ டப்பாவுல கொண்டாந்து வெச்சிட்டுப் போறதுக்கு நான் காக்கா இல்ல.

இனிமே எழுத மாட்டேன். செய்முறை எல்லாம் உனக்கு வந்துடுச்சு, நான் வேண்டியதில்ல. நான் ஏன் வரலன்னு அம்மாகிட்ட நீயே சொல்லு. அவளுக்கு எல்லாம் புரியும்னு நீதான் எழுதியிருக்க.

அபிதா


பூரணாங்குப்பம்
9.6.2024

அபிக்கு நைனா எழுதுவது.

உன் கடுதாசிய உங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்டினேன். ஒரு எழுத்து விடல. கேட்டுட்டு அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா. மறுநாள் நான் டார்ட் போட்டேன். தொடல. அதுக்கடுத்த நாளும் தொடல. நானும் நிறுத்திட்டேன். கஞ்சி குடிக்கறா, மாத்திர போடறா, நான் சொன்ன பக்கம் நடக்கறா. என் மூஞ்சிய மட்டும் பாக்கறதில்ல. நீ எழுதறத நிறுத்திட்ட, அவ பாக்கறத நிறுத்திட்டா. ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கமும் கதவு சாத்திட்டீங்க.

நேத்து ஊர்க் கூட்டம். தடைக்காலம் முடியப் போவுது, போட்டுங்களுக்குப் பூசை, ஐஸ் வெல, டீசல் எல்லாம் பேசினாங்க. பேசி முடியற நேரம் நான் எழுந்தேன். துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினேன்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்"னு சொன்னேன். ஊர்த் தலைவரு பச்சையப்பன், "சொல்லு சம்மந்தம்"னாரு.

"இதே எடத்துல என் பொண்ணப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன். அத்த இன்னிக்கு வாபஸ் வாங்கிக்கறேன். தப்புன்னா அபராதம் போடுங்க."

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. பச்சையப்பன் கேட்டாரு, "இன்னா வார்த்த?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அவருதான் அன்னிக்கு என் கையப் புடிச்சி ஒக்கார வெச்சவரு. வாசப்படி, கொரலு எல்லாத்தயும் நான் திரும்ப முழுசா எடுத்துச் சொல்ல வேண்டியதாப் போச்சு. சொல்லும்போதே எனக்குக் கேக்க சகிக்கல. பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தன், "அத்த இன்னுமா வெச்சிக்கினு இருக்க மாமா? அபி தவளக்குப்பத்துல எங்கள எல்லாம் பாத்துப் பேசிக்கினுதான இருக்கு"ன்னான். பச்சையப்பன் சிரிக்கல. "உன் பொண்ணு, உன் வூடு. ஊரு எப்ப வேணாம்னுச்சு? ஒக்காரு, டீ வருது"ன்னாரு.

டீ குடிக்கல. எழுந்து கடக்கரைக்குப் போயிட்டேன். ஊரே பாத்துக்கினு இருக்குன்னு நெனச்சி இத்தன நாள் நிமிந்து நின்னுக்கினு இருந்தேன் அபி. ஒருத்தரும் பாக்கல. அவங்க அவங்க வலைய அவங்க அவங்க பாத்துக்கினு இருந்திருக்காங்க. நான் மட்டும் தனியா நின்னிருக்கேன். உங்கம்மா கூட என்னோட சேர்ந்து நிக்கல, மடியில டார்ட்ட வெச்சிக்கினு யாருக்கும் சொல்லாம அவ வழியில போயிட்டு வந்திருக்கா. அழுக வந்துச்சு. கடலப் பாத்து அழுதா யாரும் கேக்க மாட்டாங்க.

வூட்டுக்கு வந்து அவ பக்கத்துல ஒக்காந்து, "அபிய வரச் சொல்லி எழுதப் போறேன்"னு சொன்னேன். இடது கைய ஓங்கி என் தோள்ல ஒண்ணு வெச்சா. நல்ல அடி. இந்தக் கைக்கு இவ்ளோ பலம் எப்ப வந்துச்சுன்னு நெனச்சிக்கினேன். அப்புறம் அந்தக் கைய எடுக்கவே இல்ல.

அதனால வா. தனியா வராத. கடைய ஒரு நாள் சாத்திட்டு ரெண்டு பேரும் வாங்க. உன் மாமியாரயும் கூப்பிடு, அவங்க டம்ளருக்கு என்ன சொல்றாங்கன்னு உங்கம்மா கேக்கட்டும். தவளக்குப்பத்துல எறங்கினா நான் ஆட்டோவோட நிக்கிறேன். இது உன்ன ஊழியத்துக்குக் கூப்பிடறது இல்ல. தடைக்காலம் முடிஞ்சாலும் நான் பெரிய போட்டுக்குப் போவல, கிட்டத்துல ஃபைபர் போட்டுல போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். உங்கம்மாவ நான் பாத்துக்குவேன். நீ வந்து அவ பக்கத்துல ஒக்காந்தா போதும்.

டார்ட் நீ செய்ய வேணாம், விடியக்காலையிலயே நான் போட்டு வெச்சிடறேன். மத்தியானத்துக்கு மீன் கொழம்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் உடனே எழுது. அன்னிக்குக் கடையில அந்தப் புள்ளகிட்ட கேக்கணும்னு நெனச்சி வாய் வரல. மாப்பிள்ளைக்கு மீன்ல முள்ளு எடுத்துத் துன்னத் தெரியுமா? தெரியலன்னா பரவால்ல, பக்கத்துல ஒக்காந்து நான் எடுத்துத் தரேன்.

நைனா